விதைக்கோட்டையும் இரண்டாவது பேட்டரியும்

திருமலைராயன்பட்டினம் என்றதும் இலக்கிய வாசகர்க்குக் காளமேகமும் யமகண்டமும் மண்மாரிச் சாபமும்தான் நினைவுக்கு வரும். எங்களுக்கு அவற்றோடு நின்றுபோன ஒரு வேனும் நினைவுக்கு வருகிறது.

பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டுப் புத்தக அடுக்குகளும் ஒரு மின்விசிறியும் நாலைந்து விளக்குகளும் சிறியதோர் ஒலிபெருக்கியும் பொருத்திய பழைய வேன் அது. விழாக்களுக்கும் கூட்டங்களுக்கும் அதில்தான் போவோம். இடம் கிடைக்காத ஊர்களில் அதிலேயே படுத்துறங்குவோம். நண்பர்கள் அதற்குச் சூட்டிய பெயர் 'கேரவன்'. தமிழ்நாட்டில் கேரவன் என்றால் படப்பிடிப்புத் தளத்தில் நட்சத்திரங்கள் ஓய்வெடுக்கும் குளிர்பதன வண்டி என்றே பொருளாகிவிட்டதால் அப்பெயரில் கேலி சற்றுத் தூக்கல்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாசிமகத்தன்று அந்த வேனோடு கடற்கரையில் நின்றோம். திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்காகத் திருமலைராயன்பட்டினத்துக் கடற்கரைக்கு எழுந்தருளும் நாள். மீனவர் குலத்துப் பெண்ணை மணந்தவர் என்பதால் பட்டினச்சேரி மீனவர்களுக்கு அவர் மாப்பிள்ளை. மாப்பிள்ளையைத் தோளில் சுமக்கும் அந்த ஆரவாரம் அடங்கிய பிறகும் நாங்கள் விளக்குகளைப் போட்டுக்கொண்டு பேசியிருந்தோம். புறப்படலாம் என்று ஓட்டுநர் சாவியைத் திருப்பியபோது 'டக்' என்ற ஒலி மட்டும் வந்தது. செல்ஃப் எடுக்கவில்லை. பட்டினச்சேரிக்காரர்கள் பத்துப் பேர் மணலில் இறங்கித் தள்ளினார்கள். வண்டி உறுமிக் கிளம்பியதும் அவர்களில் மூத்தவர் சன்னலருகே வந்து சொன்னார்: "கரையில நின்னா தள்ள நாங்க இருக்கோம் தம்பி. கடல்ல நின்னா யாரு தள்ளுறது?"

அந்தக் கேள்வியின் முழுப் பொருள் அன்றைக்கு எங்களுக்குப் பிடிபடவில்லை. வேனுக்கு இன்னொரு பேட்டரி வாங்க வேண்டும் என்ற பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினோம்.

வாங்கினோம். பட்டறைக்காரர் புதிய பேட்டரியைப் பழையதன் பக்கத்தில் வைத்து, நேர்முனையை நேர்முனையோடும் எதிர்முனையை எதிர்முனையோடும் தடித்த ஒயரால் சேர்த்துவிட்டு, "இனிமே கவலையே இல்ல சார்" என்றார். இரண்டு மாதம் கவலையின்றித்தான் இருந்தோம். பிறகு ஒரு நள்ளிரவில் இரண்டு பேட்டரிகளும் ஒன்றாகச் செத்துக் கிடந்தன. அந்த இரவில் தள்ள ஆளில்லை.

நடந்தது இதுதான். அடியில் ஒரே குழாயால் இணைக்கப்பட்ட இரண்டு குடங்களில் எதில் மொண்டாலும் இரண்டின் நீர்மட்டமும் சேர்ந்தே இறங்கும். இப்படி இணைத்த இரு பேட்டரிகள் இரண்டல்ல, பெரிய ஒன்று. விளக்கு கொஞ்சம் கூடுதல் நேரம் எரியும், அவ்வளவே. போதாக்குறைக்கு, புதியதையும் பழையதையும் நிரந்தரமாகப் பிணைத்துவைத்தால், நலிந்த பழையது புதியதின் தெம்பையும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். எங்கள் பணம் போனது மட்டுமல்லாமல், நல்ல பேட்டரி ஒன்றின் ஆயுளும் பாதியாயிற்று.

இரண்டாவது பேட்டரி கூடுதல் மின்சாரத்துக்காக என்று எண்ணுவதே பிழை. முதல் பேட்டரியை யாரும் தொடாமல் காப்பதற்காகத்தான் அது. காவிரிப் படுகையில் பிறந்தவர்க்கு இதை விளக்கவே வேண்டாம். குதிரில் இருப்பது சோற்றுக்கு. வைக்கோற்புரி சுற்றிக் கட்டி வைத்த விதைக்கோட்டை அடுத்த போகத்துக்கு. அடுப்பு எரியாத நாளிலும் விதைக்கோட்டையை அவிழ்க்கமாட்டார்கள். விதையை உணவு நெல்லோடு கொட்டிக் கலந்துவிட்டு 'எங்கள் வீட்டில் நெல் அதிகம்' என்று மகிழ்ந்த கதைதான் எங்கள் பட்டறைக்காரர் செய்தது.

விதை உவமையைக் கணக்கும் உறுதிப்படுத்துகிறது. ஓர் எஞ்சினைக் கிளப்ப 400 ஆம்பியர் அளவு மின்னோட்டம் 3 விநாடி பாய்வதாகக் கொள்வோம். ஆம்பியர்-மணியில் சொன்னால் அது மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. 12 வோல்ட்டில் எரியும் 10 வாட் விளக்கு ஒன்று 24 நிமிடத்தில் அதைத் தின்றுவிடும். ஆக, கிளம்புவதற்குத் தேவைப்படுவது ஒரு கைப்பிடிதான். ஆனால் அந்தக் கைப்பிடியை ஒரே வீச்சில் தந்தாக வேண்டும். பாதி வடிந்த பேட்டரியால் அது இயலாமற்போகும். நிறைந்து ஓய்ந்திருக்கும் ஈயபேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2க்கு இறங்கினால் ஏறத்தாழப் பாதி காலி. 12க்குக் கீழே போனால் அடிமட்டம். நம் கண்ணுக்கு இந்த அரை வோல்ட் ஒன்றுமில்லை. விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். எரிகிற விளக்கு நம்மை ஏமாற்றும்.

பேட்டரியின் உள்ளமைப்பும் இப்பிரிவினையை வற்புறுத்துகிறது. கிளப்புவதற்கான பேட்டரியில் மெல்லிய தகடுகள் பல இருக்கும். பரப்பு மிகுதி, ஆகவே ஒரே மூச்சில் பெரும் மின்னோட்டம் வரும். அதை அடிக்கடி அடிவரை வடித்தால் தகடுகளில் ஈயசல்பேட்டு படிகமாக இறுகிப்போகும். நீண்ட நேரம் நிதானமாகக் கொடுப்பதற்கோ கனத்த தகடுகள் வேண்டும். மின்வெட்டுக் காலத்தில் தமிழ்நாட்டு வீடுகளில் இன்வெர்ட்டரோடு வந்துசேர்ந்த டியூப்ளர் பேட்டரி அந்த இனம். (ஈயபேட்டரியை கஸ்தோன் பிளாந்தே உருவாக்கியது 1859இல், பிரான்சில். அன்று காரைக்காலும் பிரெஞ்சுக் கொடியின் கீழ்தான் இருந்தது. ஏனோ இந்தத் தற்செயல் எங்களுக்குப் பிடித்திருக்கிறது.)

வேனைச் சரிசெய்தது எளிது. இரண்டு பேட்டரிகளுக்கும் நடுவே மின்னழுத்தம் பார்த்து இயங்கும் ரிலே ஒன்றை வைத்தோம். எஞ்சின் ஓடி டைனமோ 13.3 வோல்ட் அளவுக்கு ஏற்றும்போது அது இரண்டையும் இணைக்கும், 12.8க்கு இறங்கினால் பிரித்துவிடும். ஏற்றும்போது கூட்டு, செலவழிக்கும்போது தனிக்குடித்தனம். ஒவ்வொரு பேட்டரியின் நேர்முனைக்கு அருகிலும் ஒரு ஃபியூஸ் வேண்டும். டையோடு வைத்தும் பிரிக்கலாம், ஆனால் அது தன் பங்குக்கு அரை வோல்ட்டுக்கு மேல் விழுங்கிவிடுவதால் சாதாரண டைனமோவோடு பேட்டரி முழுதாக ஏறாது. விளக்கும் விசிறியும் ஒலிபெருக்கியும் இரண்டாவது பேட்டரியில். செல்ஃப் மோட்டார் மட்டும் முதலாவதில். அதற்குப் பிறகு வேன் எங்கும் நின்றதில்லை.

வேன் நிற்காமல் போன பிறகுதான் பெரியவரின் கேள்வி எங்களை வந்து பிடித்தது. மறுபடியும் பட்டினச்சேரிக்குப் போனோம். காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்துக்கும் போனோம். அரசலாற்று முகத்தில் கட்டியிருந்த படகுகளில் ஏறிப் பேட்டரிப் பெட்டிகளைப் பார்த்தோம். இலக்கியக்காரர்கள் படகில் ஏறினால் வழக்கமாகப் பார்ப்பது அடிவானத்தை. நாங்கள் குனிந்து எஞ்சின் அறைக்குள் எட்டிப் பார்த்ததில் அங்கிருந்தவர்களுக்குச் சிரிப்பு.

பல நாள் தங்கும் படகு ஒரு வீடு. அங்கே சமையல் உண்டு, உறக்கம் உண்டு, சாமிப்படம் உண்டு. செவுள்வலை போடும் படகு இரவில் வலையை விட்டுவிட்டு எஞ்சினை அணைத்து நீரோட்டத்தோடு மிதக்கும். டைனமோ ஓய்ந்த அந்த நேரங்களில் படகு உயிரோடிருப்பது பேட்டரியால்தான். ஓர் இரவின் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். விளக்குகளுக்கு 40 வாட் என்றால் 3.3 ஆம்பியர், ஜிபிஎஸ்ஸுக்கும் மீன் காட்டும் கருவிக்கும் 1.5, காதைத் திறந்துவைத்திருக்கும் விஎச்எஃப் வானொலிக்கு 0.5, கைபேசிகளுக்கு 0.7. கூட்டினால் 6 ஆம்பியர், பத்து மணி நேரத்தில் 60 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி என்று எழுதியிருக்கும் பேட்டரி புதிதாக இருந்தால் விடிகாலையில் 40 மிஞ்சும். வெயிலிலும் உப்பிலும் நலிந்து 70க்குச் சுருங்கியதாக இருந்தால் 10தான் மிஞ்சும். வலையை இழுத்து மீனைக் கொட்டிவிட்டுக் கரைக்குத் திரும்பலாம் என்று சாவியைத் திருப்பும் வேளை அது.

இங்கே ஒரு மயக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பெரிய எஞ்சின் வைத்த படகுக்காரரிடம் கேட்டால், "ரெண்டு பேட்டரி இருக்கே" என்பார். எட்டிப் பார்த்தால் இரண்டு பெட்டிகள் இருக்கவே செய்யும். ஆனால் அந்த எஞ்சினுக்கு 24 வோல்ட் வேண்டும். அதற்காக இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளை வரிசையில் கோத்திருக்கிறார்கள். அவற்றுள் ஒன்று போனாலும் இரண்டும் போனதாகவே பொருள். எண்ண வேண்டியது பெட்டிகளை அல்ல; ஒன்றையொன்று சாராத அடுக்குகளை.

எஞ்சின் கிளம்பாத படகில் அடுத்து இருட்டும் கருவிகள் என்னென்ன என்று யோசித்தால் இது பட்டறை விவகாரமல்ல என்று விளங்கும். முதலில் ஜிபிஎஸ். தாம் எங்கே இருக்கிறோம் என்பது தெரியாது. பிறகு வானொலி. எங்கே இருக்கிறோம் என்று சொல்லவும் முடியாது. கோடியக்கரைக்குத் தெற்கே கடல் குறுகுகிறது. 1974, 1976 ஒப்பந்தங்கள் வரைந்த எல்லைக்கோடு நீரில் தெரிவதில்லை. எஞ்சின் நின்ற படகைக் காற்றும் நீரோட்டமும் தம் போக்கில் கொண்டுபோகும். 2025 சனவரி 28 அன்று நெடுந்தீவை ஒட்டிய கடலில் காரைக்கால் படகின் மீது இலங்கைக் கடற்படை சுட்டதில் ஐவர் காயமுற்றனர், படகில் இருந்த 13 பேரும் கைதாயினர். அந்த நிகழ்வுக்குப் பேட்டரி காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. எல்லை தாண்டல்கள் எல்லாம் எஞ்சின் பழுதால் நேர்கின்றன என்று வாதிடுவதும் நேர்மையாகாது. மீன் இருக்கும் இடத்தை நோக்கி வலை போகிறது என்பதை ஊரே அறியும். ஆனால் துப்பாக்கி நீட்டப்பட்டிருக்கும் ஒரு கடலில், நகரவும் பேசவும் இயலாமல் ஒரு படகு மிதக்க நேர்வது எத்தகைய நிலை என்பதற்கு இந்நிகழ்வைவிட வேறு சான்று வேண்டாம். புயலை எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி வந்தபோது ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்டப் படகுகளை எச்சரிக்கை எட்டவேயில்லை. எச்சரிக்கை எட்டும் வானொலிகளை அதன்பின் எவ்வளவு வாங்கிக் குவித்தாலும், பேட்டரி இறங்கிய படகுக்கு அவை வெறும் பெட்டிகள்.

அரசு சும்மா இருக்கவில்லை. 13 கடலோர மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் ஒரு லட்சம் படகுகளில் செயற்கைக்கோள் வழிப் பேசும் டிரான்ஸ்பாண்டர்களைப் பொருத்த 364 கோடி ரூபாய்த் திட்டம் 2024 ஆகஸ்டு 30 அன்று தொடங்கப்பட்டது. நல்ல திட்டம், வரவேற்கிறோம். எனினும் கருவி எதுவானாலும் அது குடிப்பது படகின் மின்சாரத்தை. உள்ளுக்குள் சிறு பேட்டரி வைத்த கருவியும் சில மணி நேரம் கழித்துப் படகிடம்தான் கையேந்தும். கருவிகளின் எண்ணிக்கையைச் சொல்லிப் பெருமைப்படுகிற நாம், அவற்றுக்குப் படியளக்கும் பேட்டரியைப் படகுக்காரரின் சொந்தச் செலவாகவும் சொந்தக் கவலையாகவும் விட்டுவிடுகிறோம்.

கப்பல்களுக்கு இப்படி இல்லை. திருமலைராயன்பட்டினம் கொம்யூனுக்குள், கீழவாஞ்சூரில் 2009 முதல் இயங்கும் காரைக்கால் துறைமுகத்துக்கு நிலக்கரி கொண்டுவரும் கப்பல்கள் எங்கள் கண்ணெதிரே நங்கூரமிட்டு நிற்கின்றன. பன்னாட்டுக் கடல்களில் செல்லும் 300 டன்னும் அதற்கு மேலுமான சரக்குக் கப்பல்களின் வானொலிக்குக் கப்பலின் இயந்திரத்தையும் பொது மின்னமைப்பையும் சாராத தனி மின்மூலம் இருந்தாக வேண்டும். விதிப்படியான அவசரகால மின்னாக்கி இருந்தால் அந்த மின்மூலம் 1 மணி நேரமும், இல்லையேல் 6 மணி நேரமும் தாங்க வேண்டும். பெருங்கப்பல்களின் விதைக்கோட்டையைப் பன்னாட்டுச் சட்டமே கட்டிவைத்திருக்கிறது. அதே நீரில், அந்தக் கப்பலின் நிழலில், பத்துப் பேர் உறங்கும் படகுக்கு அவ்விதி பொருந்தாது. கரையில் இந்த ஊருக்கென்றே 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் 2000ஆம் ஆண்டில் வந்தது. அந்த மின்நிலையத்தின் புகைபோக்கி கண்ணில் தெரியும் தூரத்திலேயே ஒரு படகு மின்சாரமின்றித் தத்தளிக்கலாம் என்பதை நினைத்தால் எங்களுக்குச் சற்று வெட்கமாக இருக்கிறது.

இலக்கியம் பேசுவோருக்கு இதில் என்ன வேலை என்று நண்பர் ஒருவர் கடிந்துகொண்டார். காரைக்காலில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கக் கூடாது. பெரியபுராணத்தில் பரமதத்தன் வீட்டுக்கு அனுப்பியவை இரண்டு மாங்கனிகள். பசித்து வந்த அடியாருக்குப் புனிதவதி ஒன்றைப் படைத்தார்; மற்றொன்று வீட்டுக்கென இருந்தது. அதை உண்ட கணவன் சுவையில் மயங்கி இன்னொன்றைக் கேட்டான். இந்த இடத்தில் நாம் எல்லோரும் அற்புதத்தைப் பார்க்கிறோம். அதற்கு முந்தைய கணத்தைப் பார்ப்பதில்லை. இரண்டு இருக்கின்றன என்று தெரிந்தவுடன் நாக்கு இரண்டையும் தன்னுடையதென்று எண்ணிக்கொள்கிறது. எங்கள் வேன் விளக்குகளும் படகின் கைபேசிகளும் செய்வது அதைத்தான். புனிதவதி கைநீட்டியபோது இறைவன் கனி தந்தான். வேண்டியவுடன் மூன்றாவது பேட்டரி வந்து கையில் விழுந்த கதையை எந்தத் துறைமுகத்திலும் நாங்கள் கேட்டதில்லை. நம் கடல் எழுத்தும் இதில் கொஞ்சம் பின்தங்கித்தான் இருக்கிறது. ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' 2004இல் வந்தபோது கட்டுமரத்தின் ஒவ்வொரு அசைவுக்கும் தமிழில் சொல் உண்டு என்று கண்டு வியந்தோம். அந்த மரத்தின் இடத்தில் இன்று இருக்கும் ஃபைபர் படகுக்கும் விசைப்படகுக்கும் அதே கவனிப்பு இன்னும் வாய்க்கவில்லை. காற்றையும் நீரோட்டத்தையும் எழுதுகிறவர்கள் உப்புப் பூத்த பேட்டரி முனையையும் எழுதலாம்.

ஒரே பேட்டரியைப் பெரிதாக வாங்கினால் போதாதா என்பவர்கள் எங்கள் வேனின் கதையை மறுபடி படிக்கட்டும். சூரியத்தகடு நல்லது, ஆனால் அது பகலின் நண்பன். ஏற்றிய மின்சாரம் எந்தப் பேட்டரிக்குப் போகிறது என்ற கேள்வி அப்படியே நிற்கும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி பாதிக்கும் குறைந்த எடையில் கூடுதலாகக் கொடுக்கும் என்பது உண்மை. ஆனால் அதை ஈயபேட்டரியோடு நேராகப் பிணைக்கலாகாது. இரண்டின் ஏற்றமுறை வேறு, மேலும் அது இழுக்கும் வேகத்தில் சாதாரண டைனமோ சூடேறிக் கருகிவிடும். நடுவே தக்க சார்ஜர் வேண்டும். எந்தப் பேட்டரியானாலும் படகின் அடித்தளத்தில் வைக்கக் கூடாது. அமிலத்தோடு கடல்நீர் கலந்தால் குளோரின் வாயு எழும். நீர்மூழ்கிக்காரர்கள் அஞ்சி வாழ்ந்த வாயு அது.

எங்கள் கோரிக்கை சிறியது. உயிர்காப்பு உடுப்பைப் போல, செயலடக்கிய இரண்டாவது பேட்டரி அடுக்கையும் அதைப் பிரித்துவைக்கும் ரிலேயையும் பாதுகாப்புக் கருவியாகவே மீன்வளத் துறை கணக்கிட வேண்டும்; மானியத்திலும் அதற்கு இடம் வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையேறிச் சாயம் பூசிக்கொள்ளும் அந்த நாள்களில் பேட்டரிகள் கேட்பாரற்றுத் தாமே இறங்கிக் கெடுகின்றன. ஒவ்வொரு படகிலும் எத்தனை அடுக்குகள் உள்ளன, அவை உண்மையிலேயே தனித்தனியா, ஓய்வில் எத்தனை வோல்ட் காட்டுகின்றன என்று அப்போது ஒருமுறை பார்த்து எழுதிவிட்டால் போதும். வோல்ட்மீட்டர் ஒன்றும் ஒரு நோட்டுப்புத்தகமும் இருந்தால் முடிகிற வேலை.

இதை விண்ணப்பமாக எழுதி ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் படித்துக் காட்டினோம். வேனைத் தள்ளிவிட்ட பெரியவரும் வந்திருந்தார். அவசரத்துக்கு இரண்டு அடுக்குகளையும் கையால் இணைக்கும் சுவிட்ச் ஒன்று வேண்டும் என்ற வரி வந்தபோது அவர் நிறுத்தச் சொன்னார்.

"சுவிட்சு இருக்கட்டும் தம்பி. ஆனா பசங்க படுக்குற எடத்துக்கிட்ட வேணாம்னு சேத்து எழுதுங்க. போன்ல படம் பாக்கணும்னு ராத்திரியில தட்டி வுட்டுருவானுங்க."

சேர்த்து எழுதினோம்.